பியூலாவின் பங்கு

மூன்றாவது ஊசிக்கு ஜெபசிங் வரவில்லை என்று மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது பியூலா நம்பவில்லை. காலையில் அவளிடம் சொல்லிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொண்டு புறப்பட்டுப் போனவர் அவர். அவள் இறால் ஏற்றுமதிக் கூடத்தில் மேற்பார்வையாளர் வேலை பார்த்தாள். அன்றைக்குப் பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டுத் தேடிப் போனாள். பழைய துறைமுகத்தை ஒட்டிய கடற்கரையில், வெயிலில் கொதிக்கும் சிமெண்ட் பெஞ்சு ஒன்றில், தோள்களைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்க என்ன செய்யுதிய?" என்றாள்.

"என்னால முடியாது பியூலா. செத்தாலும் பரவாயில்ல. அந்த ஊசி மட்டும் வேண்டாம்."

ஜெபசிங் தூத்துக்குடியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். ஊரில் பி.டி. சார் என்றால் அவர்தான். அகன்ற மார்பு, கட்டைக் குரல். மைதானத்தில் விழுந்து முழங்கால் கிழிந்த பையன்களைக் கைகொடுத்துத் தூக்கமாட்டார். "எந்திரி. வலி உடம்புல இல்லல, மனசுல இருக்கு" என்பார். பையன்கள் எழுந்து ஓடுவார்கள். அந்த மனிதர் இப்போது மனைவியின் முகத்தைப் பார்க்காமல், மணலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அவருடைய ஈரலில் ஹெபடைட்டிஸ் சி கிருமி இருந்தது. ஒரு காலத்தில் மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டால் போய்விடுகிற நோய்தான். ஆனால் அந்த மாத்திரைகளுக்கெல்லாம் அடங்காத ஒரு வகை பரவத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அதைக் கொல்ல ஒரே ஒரு ஊசிதான் இருந்தது. வாரம் ஒன்று, ஆறு மாதம். ஊசி போட்ட மறுநாள் குளிர் தொடங்கும். பிறகு எலும்புக்குள் யாரோ இரும்பைக் காய்ச்சி ஊற்றுவதுபோல வலி. வாயெல்லாம் புண். உடம்பெல்லாம் அரிப்பு. இரண்டு ஊசியிலேயே ஜெபசிங் தலையணையைக் கடித்து உறையைக் கிழித்திருந்தார்.

அதைவிடப் பெரிய வேதனை ஒன்றும் இருந்தது. எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? பள்ளியில் முதுகெலும்பு விலகிவிட்டதாகச் சொல்லி நீண்ட விடுப்பு எடுத்திருந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஷைனியிடமும் அதையே சொல்லியிருந்தார். பியூலாவிடம், எப்போதோ பல் பிடுங்கப் போன இடத்தில் தொற்றியிருக்கும் என்றார். கல்லூரி விடுதியில் பளு தூக்கும் குழுவில் இருந்தபோது, உடம்பு ஏறுவதற்காக நான்கு பேர் ஒரே சிரிஞ்சில் மருந்து ஏற்றிக்கொண்ட கதையை மருத்துவரிடம் மட்டும் சொன்னார். அப்போதும் பியூலாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார்.

மறுநாள் பியூலா அவரைக் கையோடு மருத்துவமனைக்கு அழைத்துக்கொண்டு போனாள். ஈரல் பிரிவின் தலைவர் டாக்டர் ஹசீனா அவரைத் திட்டவில்லை.

"நீங்க ஓடிப்போனதுல எனக்கு ஆச்சரியம் இல்ல சார். இந்த ஊசியை ஆரம்பிக்கிறவங்கள்ல பாதிப் பேர் நடுவுல ஓடிடறாங்க. ஆனா இப்ப நிறுத்தினீங்கன்னா கிருமி இந்த மருந்தையும் பழகிக்கும். அப்புறம் என்கிட்ட வேற மருந்து இல்ல."

"வலிக்கு மாத்திரை குடுக்கலாம்ல?" என்றாள் பியூலா.

"குடுக்கலாம். ஆனா இவரோட ஈரல் அதைத் தாங்காது. வலியைக் குறைக்கற எல்லாமே ஈரல் வழியாத்தான் போகணும்." மருத்துவர் கொஞ்சம் தயங்கினார். "இன்னொரு வழி இருக்கு. வலியைக் குறைக்கறது இல்ல, பிரிக்கறது. இவர் வலியில பாதியை இன்னொருத்தர் வாங்கிக்கலாம்."

ஜெபசிங் தலை நிமிர்ந்தார்.

"அரிசி அளவு ஒரு பொருளைப் பிடரியில தோலுக்கு அடியில வைப்போம். ரெண்டு பேருக்கும். வலின்னு மூளைக்குப் போற சேதியை அது வழியிலயே பிடிச்சு, பாதியை மட்டும் மேலே விடும். மீதிப் பாதி அடுத்தவர் பிடரிக்குப் போயிடும். அவர் மூளை அதைத் தன்னோட வலின்னு நினைச்சுக்கும். நோய் தொத்தாது. மருந்தோட கெடுதலும் போகாது. வலி மட்டும்தான்."

"அடுத்தவருக்கு ஒண்ணும் ஆவாதா?"

"வலிக்கும்மா. அது சின்ன விஷயம் இல்ல. அதனாலதான் நாங்களா யாரையும் கேக்கறதில்ல."

"நான் வாங்குதேன்" என்றாள் பியூலா.

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சிட்டேன்."

ஜெபசிங் வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வெளியே வந்த சொற்கள், "எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று இருந்தன. மருத்துவர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பார்வையில் குற்றம் சொல்லுதல் எதுவும் இல்லை. இருந்தாலும் ஜெபசிங்குக்கு முகம் சுட்டது.

பிடரியில் அதை வைத்த காயம் ஆறியதும் இருவருக்கும் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டினார்கள். பியூலாவைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய்த் தனியாகப் பயிற்சி கொடுத்தார்கள். ஜெபசிங்கின் பட்டையில் ஒரு சிறு சக்கரம் இருந்தது. அதன் முள்ளை நடுவில் நிறுத்திவிட்டு மருத்துவர் சொன்னார்: "இது பாதிக்குப் பாதி. இதைத் தொடாதீங்க. காய்ச்சல் ஏறி வலிப்பு வர்ற மாதிரி இருந்தா மட்டும், கொஞ்ச நேரத்துக்கு அவங்க பக்கம் திருப்பலாம். கடைசி வரைக்கும் திருப்பினா உங்க வலி முழுசும் அவங்களுக்குப் போயிடும். புரியுதா?"

"புரியுது" என்றார் ஜெபசிங்.

அடுத்த ஊசி போட்ட மறுநாள், சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த பியூலா கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். கூடத்துக் கட்டிலில் படுத்திருந்த ஜெபசிங்குக்கும் அதே நேரம் இடது முழங்காலில் வலி எடுத்தது. ஆனால் போன முறைபோல இல்லை. பல்லைக் கடித்தால் தாங்கிவிடலாம் என்கிற அளவில் இருந்தது. பியூலா சுவரைப் பிடித்தபடியே மெல்ல நடந்து வந்து அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவளும் இடது முழங்காலைத்தான் பிடித்திருந்தாள்.

"ஏங்க, இதையா ரெண்டு வாரமா ஒத்தையில தாங்குனிய?" என்றாள்.

அந்த நோய் வந்த பிறகு யாரும் அவரிடம் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அவர் கண் கலங்கியது. தன் வலி எவ்வளவு என்று இந்த உலகத்தில் இன்னொருத்தருக்குத் தெரியும் என்பதே பாதி மருந்தாக இருந்தது. அன்று பகல் முழுக்க ஒரே போர்வையை இருவரும் போர்த்திக்கொண்டு, ஒரே நேரத்தில் நடுங்கி, ஒரே நேரத்தில் முனகிக் கிடந்தார்கள். ஒருமுறை இருவரும் சேர்ந்தாற்போல "அம்மா" என்று சொல்லிவிட, பியூலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். வாய்ப்புண் வலித்தது. அவளும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்படிச் சில வாரங்கள் போயின. பியூலா வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டாள். கேட்டவர்களிடம் அவருக்கு முதுகு என்றும், தனக்கு மூட்டு என்றும் சொன்னாள். ஒருநாள் பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் அவளைத் தனியே அழைத்து வெகு நேரம் வைத்திருந்தார். ஜெபசிங் வராந்தாவில் காத்திருந்தார். அவள் வெளியே வந்தபோது முகம் வாடியிருந்தது.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் இல்ல. ரத்தம் எடுத்தாவ. எனக்கு அந்தக் கிருமி இல்லியாம். வாங்க போவோம்."

அதற்குப் பிறகும் ஊசி போட்ட மறுநாளெல்லாம் பியூலா படுத்தாள், முனகினாள். ஆனால் ஒருநாள் நல்ல வலி நேரத்தில் திடீரென்று மழை கொட்ட, படுத்திருந்தவள் சட்டென எழுந்து மாடிக்கு ஓடிக் காய்ந்த துணிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். ஜெபசிங் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னால் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைக்க முடியவில்லை. அதே வலியோடு அவள் மாடிப்படி ஏறி இறங்குகிறாள். இவளுக்கு இருக்கும் உறுதியில் கால்வாசி தனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு அவரை அவமானப்படுத்தியது. அதோடு, அதைவிட மோசமான இன்னொரு நினைப்புக்கும் அது இடம் கொடுத்தது. இவளால்தான் தாங்க முடிகிறதே.

இசக்கிராஜா வந்தது ஒரு சனிக்கிழமை மதியம். ஜெபசிங்கிடம் கபடி கற்றவன். இப்போது மாநில அணிக்குப் பயிற்சியாளன். முன்கூட்டிச் சொல்லாமல், கையில் பழப்பையோடு வாசலில் வந்து நின்று, "சார் இருக்காங்களா?" என்றான்.

முந்தைய நாள்தான் ஊசி போட்டிருந்தார்கள். ஜெபசிங் உள்ளறையில் ஒரு பந்துபோலச் சுருண்டு கிடந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்கு வலியை விடப் பெரிய பயம் வந்தது. பாதி முடி உதிர்ந்த தலையும், சொறிந்து சிவந்த கைகளுமாகத் தன்னை அவன் பார்க்கக் கூடாது. சட்டையை மாற்றித் தொப்பி வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த நடுக்கத்தை என்ன செய்வது? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டுமே.

"வரச் சொல்லு" என்று பியூலாவிடம் சொன்னார். அவள் கூடத்துப் பக்கம் போனதும், பட்டையின் சக்கரத்தைக் கடைசி வரைக்கும் திருப்பினார்.

இரண்டு மூச்சு விடுவதற்குள் வலி இறங்குவது தெரிந்தது. முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் எழுந்து நிற்க முடிந்தது. முகம் கழுவி, முழுக்கைச் சட்டை போட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அவர் குரல்கூடப் பழைய கட்டைக் குரலாக வந்தது.

"என்னல, கோச் ஆயிட்டியாம?"

இசக்கிராஜா காலைத் தொட்டுக் கும்பிட்டான். அடுத்த மாதம் தனக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்கள் என்றும், மேடையில் தன் குருவாக சார்தான் உட்கார வேண்டும் என்றும் சொன்னான். "நீங்க சொல்லுவியளே சார், வலி உடம்புல இல்ல, மனசுல இருக்குன்னு. எம் பயலுவள்ட்ட தினமும் அதத்தான் சொல்லுதேன்."

அப்போது சமையலறையிலிருந்து முனகல் கேட்டது. முதலில் மெதுவாக. பிறகு நன்றாகவே கேட்கிற மாதிரி. தரையில் யாரோ உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடுவதுபோல, ஒரே சீரான முனகல்.

இசக்கிராஜா பேச்சை நிறுத்தினான். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா சார்?"

"அது ஒண்ணும் இல்ல. மூட்டுவலி. லேசா வலிச்சாலே சத்தம் போடுவா" என்றார் ஜெபசிங். சொல்லிவிட்டுக் குரலை உயர்த்திப் பழைய பந்தயக் கதை ஒன்றை எடுத்தார். அவன் சிரிக்கிற இடங்களில் சிரித்தான். ஆனால் அவன் கண் சமையலறைப் பக்கமே போய்ப் போய் வந்தது. காபிகூடக் குடிக்காமல் சீக்கிரம் எழுந்துவிட்டான்.

அவன் போனதும் உடனே சக்கரத்தைத் திருப்பிவிட வேண்டும் என்றுதான் நினைத்தார். உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தார். மாதக்கணக்காக அறியாத ஒரு சுகம் உடம்பில் இருந்தது. தசைகள் தளர்ந்திருந்தன. கொஞ்ச நேரம் என்று சாய்ந்தார். முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து படுத்தார்.

விழித்தபோது ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. வீடு அமைதியாக இருந்தது. பதறிப்போய்ச் சக்கரத்தை நடுவுக்குக் கொண்டுவந்தார். வலி திரும்பி வந்தது. கதவைத் திறந்து பார்த்தார். பியூலா சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரில் சாதம் வடித்து வைத்திருந்தாள்.

"ரொம்ப வலிச்சுதா இன்னிக்கு?" என்று கேட்டார். கேட்கும்போதே தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது.

"ம்" என்றாள் அவள். "இப்ப பரவாயில்ல. சாப்பிட வாங்க."

அவளுக்குத் தெரியவில்லை என்று அவர் முடிவு செய்தார். ஊசி வலி ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும். அவளுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வாரம் அவர் சக்கரத்தைத் தொடவே கூடாது என்று நினைத்துக்கொண்டார். காலையில் நினைத்தார். மதியம் தொட்டார். அதற்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டார்: காய்ச்சல் ஏறுகிறது. அதற்கடுத்த வாரம் காய்ச்சல்கூட இல்லை. அன்று எந்தக் காரணமும் சொல்லிக்கொள்ளாமல் திருப்பினார். திருப்பியதும் வழக்கம்போலப் பக்கத்து அறையில் முனகல் தொடங்கியது. டிவியில் கிரிக்கெட் போட்டுச் சத்தத்தைக் கூட்டினார்.

அவரை மிகவும் வாட்டிய விஷயம் ஒன்று இருந்தது. முழுசாக அவள் பக்கம் திருப்பிய பிறகும் அவருக்கு வலி கொஞ்சம் இருந்தது. எல்லாம் போன பிறகும் தனக்கு மிஞ்சியிருப்பது இவ்வளவு என்றால், அவளுக்குப் போயிருப்பது எவ்வளவு? இந்தக் கணக்கைப் போட்டபடியே அவர் டிவி பார்த்தார். மட்டைக்காரன் அடித்த பந்து எங்கே போனது என்று ஒருநாளும் தெரியவில்லை. ஒரு தடவை எழுந்து கதவுவரை போனார். கை சக்கரத்தின் மேல் இருந்தது. உள்ளே அவள், "இயேசுவே, போதும்" என்று சொல்வது கேட்டது. அவர் அங்கேயே நின்றார். பிறகு திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள்களில் உடம்பு தேறியதும் அவளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்து யோசித்து வாங்கிவந்தார். ஒருநாள் மக்ரூன். ஒருநாள் மல்லிகைப்பூ. ஒருநாள் சீலா மீன் வாங்கிவந்து, அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவரே வறுத்தார். மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து அவள் ஒன்றே ஒன்றை எடுத்தாள். "நல்லா இருக்கு" என்றாள். மீதியைத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

அவள் பேச்சு குறைந்து வந்ததை அவர் கவனித்தார். வலியினால் என்று எண்ணிக்கொண்டார். அந்த வலி எங்கிருந்து வருகிறது என்று எண்ணாமல் இருக்கப் பழகிக்கொண்டார். கண்ணாடி பார்ப்பதை நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினார். முதுகு என்று சொல்லிவிட்டதால் யாரும் கேட்கவில்லை. இசக்கிராஜாவின் பாராட்டு விழாவுக்கும் போகவில்லை. குரு உட்கார வேண்டிய நாற்காலியில் மாலையை மட்டும் போட்டு வைத்து, அவன் படம் எடுத்து அனுப்பியிருந்தான். அந்தப் படத்தை அழித்துவிட்டார்.

கடைசி ஊசியும் முடிந்தது. சில வாரங்கள் கழித்து ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்ல டாக்டர் ஹசீனா இருவரையும் அழைத்தார். "கிருமி இல்ல. சுத்தமாப் போயிடுச்சு" என்று சிரித்தார். பிடரியில் இருந்த பொருளை எடுத்துச் சின்னத் தையல் போட்டார்கள். பட்டைகளையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். பியூலா கைகூப்பி நன்றி சொல்லிவிட்டு, மருந்து வாங்க மருந்தகத்துக்குப் போனாள். ஜெபசிங் எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"நான் அந்தச் சக்கரத்தைத் திருப்பிட்டேன். ஒரு தடவை இல்ல. வாராவாரம். முழுசும் அவ பக்கம். காய்ச்சல் எல்லாம் ஒண்ணும் இல்ல. என்னால தாங்க முடியல. அவ்வளவுதான்." மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவளுக்கு உள்ளுக்குள்ள ஏதாவது கெடுதல் ஆகியிருக்குமா? அதை மட்டும் பாத்துச் சொல்லுங்க. என்னை என்ன வேணாலும் சொல்லுங்க."

மருத்துவர் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார்.

"நீங்க திருப்பினதால அவங்களுக்கு ஒரு கெடுதலும் ஆகல சார். ஆகவும் முடியாது" என்றார். "மூணு நாலு வாரத்துலயே அவங்க இதயத் துடிப்பு தாறுமாறா ஆச்சு. வலியோட அதிர்ச்சி. இனிமே ஒருநாள்கூட வாங்கக் கூடாதுன்னு அன்னிக்கே நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டீங்கன்னா?"

"உங்க வலி அதுக்கப்புறம் அவங்களுக்குப் போகவே இல்ல. நீங்க சக்கரத்தை எப்படித் திருப்பினாலும் போகாது. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொல்லப்போனேன். அவங்க விடல. 'அவங்களுக்குத் தெரிஞ்சா ஊசியை விட்டுட்டு ஓடிருவாங்க டாக்டர், ஏற்கனவே ஓடுனவங்கதான். நான் வாங்குத மாதிரியே இருந்துக்கிடுதேன்'னு அழுதாங்க. ஊசியை விட்டா நீங்க பிழைக்க மாட்டீங்கன்னு எனக்கும் தெரியும். செஞ்சது சரியா தப்பான்னு எனக்கே இன்னும் தெரியல."

ஜெபசிங்குக்குப் புரிய நேரம் பிடித்தது. "அப்படின்னா அந்த வலியெல்லாம்..."

"முழுசும் நீங்களேதான் தாங்கினீங்க. பாதி போகுதுன்னு நம்பினதால பாதியாத் தெரிஞ்சுது. முழுசும் போகுதுன்னு நம்பினதால இன்னும் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சுது. மனசுக்கு அவ்வளவு பலம் இருக்கு."

அவருக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கிப்போனது. அவள் ஒரு வலியும் படவில்லை. அவர் யாருக்கும் எந்தத் தீங்கும் செய்யவில்லை. எல்லாவற்றையும் ஒற்றை ஆளாய் அவரே தாங்கியிருக்கிறார். கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அவளுக்கு நான் திருப்பினது தெரியாதில்ல?" என்று கதவருகே நின்று கேட்டார். ஆம், தெரியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அன்றே எல்லாம் முடிந்துவிடும்.

டாக்டர் ஹசீனா பேனாவை மூடி வைத்தார்.

"வலி வாங்கறவங்க பட்டையில ஒரு ஏற்பாடு இருக்கு சார். நீங்க அவங்க பக்கம் கூட்டினா, மணிக்கட்டுல ஒரு தடவை தட்டும். அடுப்பு கிட்ட நின்னா தள்ளிப் போறதுக்கு, படியில நின்னா உக்காந்துக்கறதுக்கு. பயிற்சியிலயே சொல்லிக் குடுத்திருந்தோம். வலி போற வழியை மட்டும்தான் நான் மூடினேன். தட்டறதை நிறுத்தல."

மருத்துவமனை வாசலில் பேருந்து நிழற்குடையில் பியூலா மருந்துப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜெபசிங் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். எதிரே சாலையில் ஓட்டுநர் இல்லாத பால் வண்டி ஒன்று சத்தமில்லாமல் போனது.

"டாக்டர் எல்லாம் சொன்னாங்க" என்றார்.

"ம்."

"உனக்குத் தட்டுச்சா?"

"தட்டுச்சு."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்." அவள் குரலில் கோபம் இல்லை. அது அவரை இன்னும் பயப்படுத்தியது. "இசக்கிராஜா வந்தான் பாத்தியளா, அன்னிக்குத்தான் மொத தடவை. கையில தட்டுனதும் எனக்கு ஒண்ணும் புரியல. மெஷின் கெட்டுப்போச்சோன்னு நெனச்சேன். பெறவு நீங்க தொப்பி போட்டுட்டு நிமுந்து நடந்து வாறதப் பாத்தேன்."

"பியூலா, நான் பண்ணது..." என்று தொடங்கினார். என்ன பெயர் சொல்வது என்று தெரியவில்லை. "ஆனா உனக்கு வலிக்கலல்ல. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

"இல்ல. வலிக்கல."

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சாதாரண நாள்ல முனகுனது எனக்காகன்னு புரியுது. நம்பணும்னு. ஆனா நான் முழுசும் திருப்புன நாள்ல எதுக்கு அவ்வளவு சத்தம் போட்ட? 'போதும், போதும்'னு. உனக்குத்தான் ஒண்ணுமே வரலியே."

பியூலா அவரைத் திரும்பிப் பார்த்தாள். இதைக்கூடச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று பார்ப்பதுபோல இருந்தது.

"உங்களுக்குக் கேக்கட்டும்னுதான்" என்றாள். "கேட்டியன்னா கொறைச்சிருவியன்னு நெனச்சேன். கூட்டுனா ஒரு தடவை தட்டும். கொறைச்சா ரெண்டு தடவை தட்டும்னு சொல்லியிருந்தாவ. அதுக்காகக் கைய மடியில வச்சிக்கிட்டே இருப்பேன். இன்னும் கொஞ்சம் சத்தமாப் போட்டா தட்டும், இன்னும் கொஞ்சம் போட்டா தட்டும்னு. டிவி சத்தந்தான் கூடும்."

ஜெபசிங் பட்டை இருந்த இடம் வெளுத்துக் கிடந்த தன் மணிக்கட்டைப் பார்த்தார்.

"பஸ் வந்துட்டு, எந்திரிங்க" என்றாள் பியூலா.

முன்கதவு திறந்தது. அவள் முதலில் ஏறினாள். மதிய நேரம் என்பதால் இருவர் உட்காரும் இருக்கைகள் பல காலியாகவே இருந்தன. அவற்றையெல்லாம் தாண்டிப் போய், ஜன்னலோரத்தில் இருந்த ஒற்றை இருக்கையில் அவள் உட்கார்ந்துகொண்டாள்.